பயிற்சியில் மாலுமிகள் இல்லை

சட்டையின் கழுத்துப் பட்டைக்கு அம்மா மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அது அட்டை போல விறைத்துத்தான் இருந்தது. "நாலு பேர் கூடற சபை. கசங்கின துணியோட போய் நின்னா நம்ம பேச்சை யார் மதிப்பாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற மகளுக்கு, முந்தின நாள் தன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையைத் திரும்பப் பொறுக்கிக்கொள்ள முடியாதா என்றிருந்தது.

எல்லாம் மாமாவால் வந்தது. அப்பா சமையல்காரராக இருக்கும் சரக்குக் கப்பலை, இரண்டு நாடுகளின் சண்டையில் ஒரு நாடு பிடித்துத் தன் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தது. கோடையில் நின்ற கப்பல், மழைக்காலம் முடிந்தும் நகரவில்லை. கப்பல் முதலாளி தொலைபேசியை எடுப்பதில்லை. அம்மா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கொடுத்த மனுவெல்லாம் கிணற்றில் போட்ட கல். அப்பா எப்போதாவது அழைப்பார். தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள், மாவு தீரப்போகிறது என்பதை அவர் நேராகச் சொல்ல மாட்டார். "பாத்திரமெல்லாம் கழுவாமலே பளபளன்னு இருக்கு. இவ்வளவு சுகமான வேலை எவனுக்குக் கிடைக்கும்" என்பார். கடைசியாகப் பேசியபோது அந்தச் சிரிப்பும் இல்லை. "சாப்பாட்டு மணி அடிக்கிறதை நிறுத்திட்டேன். அடிச்சா எல்லாரும் வந்து உட்கார்ந்துடறாங்க" என்றார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

இப்படி ஒரு வீட்டில், பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் படிக்கிற பெண் இருந்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? பல் மருத்துவம் படிக்கிறவளிடம் ஊரே பல்லைக் காட்டுவதில்லையா?

"நாடும் நாடும் எப்படிப் பேசிக்கணும்னுதானே படிக்கிற? அப்போ பேசேன்" என்று மாமா தினமும் ஆரம்பிப்பார். முந்தின நாள் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. பெத்த அப்பனுக்கே உதவாத படிப்பு."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு அந்தக் கப்பலைப் பத்தித்தான் மாமா பேச்சுவார்த்தை. எங்க பல்கலைக்கழகத்துலதான். ரெண்டு பக்கமும் உட்கார்றாங்க. நானும் பேசறேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வகுப்பில் நடக்கும் பயிற்சி என்பதை மட்டும் விட்டுவிட்டாள். மாமா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். ஒரு நிமிடம் அது அவளுக்கு இனிக்கவும் செய்தது. ஆனால் அடுப்பருகே நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடியது. அதைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளைக்கு நாக்கு எழும்பும்? அவளுக்கு எழும்பவில்லை. காலையில் விறைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பூனை சார். எதைக் கேட்டாலும் "இப்படியும் பார்க்கலாம், அப்படியும் பார்க்கலாம்" என்று மதில்மேல் நிற்கிறவர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. செய்தியில் வந்த அந்தக் கப்பலையே எடுத்து, பெயர்களை நீல நாடு, பச்சை நாடு என்று மாற்றிப் பயிற்சியாக்கியிருந்தார். தன் அப்பா அதில் இருப்பதை அவள் வகுப்பில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் முதலில் பரிதாபப்படுவார்கள், பிறகு அதை வைத்துக் கட்டுரை எழுதுவார்கள் என்று பயம். சீட்டுக் குலுக்கியதில், கப்பலைப் பிடித்துவைத்திருக்கும் நீல நாட்டு மந்திரிப் பதவி அவளுக்கு விழுந்திருந்தது. கப்பல்தான் உங்கள் துருப்புச்சீட்டு, கடைசிவரை கையைவிட்டு விடாதீர்கள் என்பது அவளுடைய அணிக்கு எழுதிக் கொடுத்திருந்த உத்தரவு.

மேசைகளை எதிரெதிராக இழுத்துப் போட்டார்கள். பச்சை நாட்டு மந்திரி, வகுப்பில் எல்லாரும் நெட்டையன் என்று கூப்பிடுகிறவன், தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதிவந்த முன்னுரையைப் பிரித்தான்.

"கப்பலை இப்பவே விட்டுடறோம்" என்றாள் அவள்.

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். "பதிலுக்கு?"

"தண்ணியும் சாப்பாடும் ஏத்தி அனுப்பறோம்."

"அது இல்ல. பதிலுக்கு நாங்க என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம். கையெழுத்து போடு."

அவளுடைய அணியில் ஒருத்தி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நெட்டையனுக்குச் சந்தேகமும் ஆசையும் ஒன்றாக வந்தன. "மீன்பிடி எல்லை?" என்று கேட்டான். எடுத்துக்கோ என்றாள். "அந்தத் தீவு?" அதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவள் ஒரு தாளை இழுத்து, கப்பலும் அதிலுள்ள எல்லா ஆட்களும் இன்றே விடுவிக்கப்படுகிறார்கள் என்று எழுதினாள். அவசரத்தில் கடைசி வார்த்தை கோணிப் போயிற்று. கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

பூனை சார் எழுந்து வந்தார். "நாட்டையே தாரை வார்த்துட்டீங்களேம்மா. எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"கப்பல்ல ஆளுங்க இருக்காங்க சார்."

அவர் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "இந்தப் பயிற்சியில மாலுமிங்க யாரும் இல்லையே."

"அப்போ அந்தக் கப்பலை யார் சார் ஓட்டிட்டு வந்தாங்க? யார் சமைச்சாங்க?" என்றாள். "எங்க அப்பாதான் சார் சமைச்சாரு."

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. நெட்டையன் யார் முகத்தையும் பார்க்காமல் தாளில் கையெழுத்துப் போட்டு, அவள் கையில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

"சார், வெளியுறவுத் துறையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கேட்டாள். வெட்கத்தையெல்லாம் விட்டுத்தான் கேட்டாள். நாலு வருடமாக அவரை நம்பித்தானே அத்தனையும் மனப்பாடம் செய்தாள்.

அவர் மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா. நான் எழுதறதை அவங்க படிக்கிறதும் இல்ல." இப்படியும் பார்க்கலாம் அப்படியும் பார்க்கலாம் என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

நடைவழிக்கு வந்தபோது கைபேசி அடித்தது. அம்மாதான்.

"பேசினியா பாப்பா?"

"பேசினேன்மா."

"ரெண்டு பக்கமும் வந்திருந்தாங்களா?"

"வந்திருந்தாங்க."

"கையெழுத்து?"

தாள் அவள் கையிலேயே இருந்தது. "போட்டாங்கம்மா. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அம்மா காத்திருக்கவில்லை. கைபேசியை எங்கோ வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிடுவது கேட்டது. "அம்மா" என்றாள் இவள். "அம்மா, கேளும்மா." பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவர் எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அங்கே பரணிலிருந்து எதையோ உருட்டும் சத்தம். மாமாவின் குரல், "பாத்து, பாத்து, கால்ல போட்டுக்காதே." பிறகு கணீரென்று தரையில் ஒரு பெரிய பாத்திரத்தை வைக்கும் ஓசை. வீட்டில் அப்பா இருக்கும்போது மட்டும் சமைக்க இறக்குகிற பாத்திரம் அது. அம்மா குழாயைத் திறந்தாள். காலிப் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் விழத் தொடங்கியது. கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே போவதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.