சுவருக்குச் சுவர் வைராக்கியம்

அந்த ஊரில் யார் வைராக்கியமாக ஒன்றைச் சொன்னாலும் மறுநாள் காலையில் அந்த வைராக்கியம் வீடு தேடி வந்துவிடும். சொன்ன சொல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஆளாக வரும். சொன்னபடி நடந்துகொண்டால் அது நாளுக்கு நாள் இளைக்கும். ஒருநாள் காப்பிக்குக் கூப்பிட்டால் ஆள் இருக்காது. சொன்னவர் உடம்போடு சேர்ந்துவிட்டது என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள். சொன்னபடி நடக்காவிட்டால் படுத்துக்கொள்ளும். படுத்த வைராக்கியத்தை எழுப்புவது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

குருவையாவின் வைராக்கியம் மாசியிலிருந்து படுத்தே கிடந்தது.

அது வந்ததற்குக் காரணம் சோலையப்பன். குருவையாவின் மனைவி ராக்கம்மாளுக்கு உடன்பிறந்த தம்பி. ஒரு காதுகுத்து விருந்தில் பாயசம் ஊற்ற வந்தவனை, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சோலையப்பன் கையை நீட்டி நிறுத்தினான்.

“அத்தான் இலைக்கு வேண்டாம்ப்பா. சுகர் ஏறிக் கிடக்கு.”

பந்தியில் இருந்த அத்தனை பேரும் குருவையாவின் இலையைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து, பாதத்தில் புண் இருக்கிறதா என்று காலையும் பார்த்தார். குருவையா இலையை எதிர்ப்புறமாக மடித்தார். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பது. பிறகு எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“நாளையிலேர்ந்து சீனி கிடையாது, சோறு கிடையாது, பரோட்டா கிடையாது. தினம் கருக்கல்ல எந்திரிச்சு மலைக்கோயில் உச்சி வரைக்கும் நடை. இவனைத் தூக்கிப் புதைச்சுட்டுத்தான் நான் போவேன். இவன் வீட்டில இனிமே கை நனைக்க மாட்டேன்.”

மறுநாள் விடிந்ததும் வைராக்கியம் வந்தது. நிலைப்படியில் இடிக்காமல் இருக்க இடுப்புவரை குனிந்துதான் உள்ளே நுழைந்தது. ராக்கம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாயிற்று என்றால் விருந்தாளி. பிறகு போ என்று சொல்ல வாய் வராது.

குருவையாவும் அதுவும் கொஞ்ச நாள் மலைக்கோயிலுக்குப் போனார்கள். அது முன்னால் போகும், இவர் பின்னால் காலை இழுத்துக்கொண்டு போவார். பிறகு வலது முட்டி வீங்கிற்று. வீங்கிய முட்டியோடு வீட்டில் இருந்த அன்று மத்தியானம், கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு ஒரு கவளம் சோறு என்று ஆரம்பித்து, சட்டியை வழித்துவிட்டார். வைராக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தது. வீட்டில் இருந்த ஒரே அறைக்குள் போய், கிழக்குச் சுவரில் தலையும் மேற்குச் சுவரில் காலுமாகப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் படுத்தார்கள். பீரோவில் சேலை எடுக்க வேண்டுமென்றால் ராக்கம்மாள் அதன் வயிற்றின்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். அது மூச்சு விடும்போதெல்லாம் பீரோக் கதவு திறந்து மூடியது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் மஸ்தான் ராவுத்தரும் அதே மாதத்தில் ஒரு வைராக்கியம் வைத்தார். டீயில் சீனி பாதி போதும் என்றார், அவ்வளவுதான். பூனை அளவுக்கு ஒன்று வந்து தையல் மெஷினுக்குக் கீழே சில வாரம் இருந்தது, பிறகு காணவில்லை.

“அதெல்லாம் ஒரு வைராக்கியமா ராவுத்தரே? மீசை முளைக்கலையே அதுக்கு,” என்றார் குருவையா.

“முளைக்காட்டி என்ன? சீனி குறைஞ்சிருச்சுல்ல,” என்று ராவுத்தர் ஊசியில் நூல் கோத்தார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மகள் பூங்கொடிக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அழைத்து வருவதாகப் பேச்சு. சம்பந்தியம்மாள் போனில் கேட்டாள். “புள்ள வந்து படுக்க அங்க எடம் இருக்கா? இல்லேன்னா இங்கேயே பார்த்துக்கிடுதோம். அதில என்ன இருக்கு?”

அதில் எல்லாம் இருந்தது. தலைப்பிரசவத்தைப் புகுந்த வீட்டில் பார்க்க விட்டால், பிறகு அந்த வீட்டு வாசலில் குருவையா எந்த முகத்தோடு போய் நிற்பது?

சுமைதூக்குகிறவர்களைக் கூட்டிவந்து கயிறு போட்டுப் பார்த்தார். வைராக்கியம் புரண்டுகூடப் படுக்கவில்லை.

“கயிறு போட்டு ஆகுமா?” என்றாள் ராக்கம்மாள். “யாரு மூஞ்சிக்காகச் சொன்னீங்களோ அவன் மூஞ்சிக்கு முன்னாலதான் சொன்னதைக் குறைக்கணும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். போயிட்டு வாங்க. நான் இங்க இருந்து பார்த்துச் சொல்றேன்.”

குருவையா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றார். மகள் அடுப்படித் தரையில் படுத்திருப்பதாக நினைத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

சோலையப்பன் வீட்டு வாசலில் ஒரு ஜோடிப் பாதம் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். குருவையா பாதங்களைத் தாண்டி உள்ளே போனார். கூடம் முழுக்க ஒரு வைராக்கியம் படுத்திருந்தது. அதன் தோளில் சாய்ந்து சோலையப்பன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“இது எப்ப வந்தது, மாப்ளே?”

“உங்களது வந்த அன்னைக்கேதான், அத்தான். என்னைப் புதைப்பேன்னு சபையில சொன்னீங்க. நான் சும்மா இருக்க முடியுமா? பீடியை அடியோட விடுறேன், தெனம் கண்மாயைச் சுத்தி ஓடுறேன், உங்களுக்கு நான்தான் கொள்ளிக்குடம் தூக்குவேன்னு சொல்லிட்டேன்.”

“ஓடினியா?”

“கரை வரைக்கும் போனேன்.”

குருவையாவுக்கு நெஞ்சில் எங்கோ கொஞ்சம் இளகியது. காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து, போனில் ராக்கம்மாளைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

“கேளு,” என்றார் சோலையப்பனிடம்.

“நடை?” என்று கேட்டான் சோலையப்பன்.

“மலை வேண்டாம். தண்ணித்தொட்டி வரைக்கும்.”

“காலை மடக்கிருச்சுங்க,” என்றது போன்.

“முட்டி வலிச்சா?”

“வலிச்சா பாதி தூரம். மழை வந்தா கிடையாது.”

“தலை சுவரை விட்டு எறங்கிருச்சு.”

“சோறு?”

“மத்தியானம் மட்டும். ஒரு கரண்டி கம்மி. கருவாட்டுக் குழம்பு அன்னைக்குக் கம்மி இல்லை.”

“பரோட்டா?”

குருவையா இரண்டு விரலை நீட்டினார். “மாசம் ஒரு நாள். ரெண்டு.”

“ஒண்ணு, அத்தான்.”

“ரெண்டு. முட்டை போடாம.”

“பீரோ முழுசாத் தெரியுதுங்க,” என்றது போன். “கட்டில் போடலாம்.”

“பாயசம்?” என்று கேட்டுவிட்டு சோலையப்பன் தரையைப் பார்த்தான்.

“விசேஷ வீட்டில அரை டம்ளர். என் கை போதும் என்னைத் தடுக்க. உன் கை நீளக் கூடாது.”

“நீளாது.”

போனில் ராக்கம்மாள் சொன்னாள். “எந்திரிச்சு உட்கார்ந்திருச்சுங்க. தலகாணி அளவுதான் இருக்கு. தண்ணி கேக்குது.”

அடுத்து குருவையா கேட்டார், சோலையப்பன் குறைத்தான். பீடிக்கு மட்டும் நெடுநேரம் ஆயிற்று. சாப்பாட்டுக்குப் பின்னால் ஒன்று என்று முடிந்தபோது, தெருவில் நீட்டியிருந்த பாதங்கள் உள்ளே இழுபட்டன. சைக்கிள்காரர் ஒருவர் நேராகப் போனார். சோலையப்பன் பெண்டாட்டி தட்டில் கம்புத் தோசை வைத்தாள். குருவையா கை நனைத்தார்.

மன்னித்தாரா என்றால் இல்லை. பந்தியில் நீண்ட கையை அவர் சாகும்வரை மறக்கப் போவதில்லை. அந்தக் கசப்புக்கு வீட்டில் தனி அறை தேவையில்லை என்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது வைராக்கியம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. அவருடைய முட்டி உயரம்கூட இல்லை. இருவரும் தண்ணித்தொட்டி வரைக்கும் போய்வந்தார்கள். அது அவசரப்படவில்லை, அவரும் அவசரப்படவில்லை. அன்று இரவு குருவையா அறைக்குள் கட்டிலில் காலை நன்றாக நீட்டி, குறட்டை விட்டுத் தூங்கினார்.

நிறைமாசக்காரிக்கு முன்னால் அவள் வயிறு வரும் என்பார்கள், அந்த ஊரில் அதுவும் சொன்னபடியே நடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் பூங்கொடியின் வயிறு மட்டும் வந்து இறங்கியது. கண்டக்டர் இரண்டு கையாலும் தாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் கூட்டம், பூங்கொடி அடுத்ததில் வருகிறாள் என்றார். ராக்கம்மாள் அதை வாங்கி வந்து, கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஃபேனைப் போட்டாள். உள்ளே பிள்ளை ஒரு தடவை உதைத்துவிட்டுத் தூங்கிற்று. குருவையா சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்.