இரண்டு வாரத்துக்கு வந்தவள்

இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் சின்னு. வந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிவிட்டது. சின்னு என்பது வீட்டில் கூப்பிடும் பேர். நாற்பத்து நாலு வயதாகியும் அந்தப் பேர் மட்டும் வளரவேயில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நெஞ்சு வலி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அண்ணி பிரிந்து போய்ப் பல வருஷம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாள் ஒரு தாளைச் சின்னுவின் கையில் கொடுத்தார். தட்டில் பாதி காய், கால் பங்கு கொழுப்பில்லாத கறி, மிச்சக் கால் பங்குதான் மாவுச்சத்து. எண்ணெய் ஒரு ஸ்பூன். அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. சின்னு அடுப்படிக்குள் போனாள். இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன.

இங்கேயே தேடிக்கொண்ட மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறே முக்காலுக்கு வீடு. ஏழரைக்கு அண்ணன் மாத்திரை போட வேண்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. அந்த இடைவெளிக்குள் ஆகிற சாப்பாடு கோதுமை பாஸ்தாதான். கடையை விட்டுக் கிளம்ப ஐந்து நிமிஷம் தாமதமானால் போன் வந்துவிடும். "எங்க இருக்க? நெஞ்சுல என்னமோ பண்ணுது." கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் கேலி செய்வார்: "உங்க அண்ணன் போனை வெச்சு நம்ம கடிகாரத்தையே திருத்திக்கலாம்மா."

அன்று கிளம்பும்போது முதலாளியம்மா அவளை நிறுத்தினார்.

"புதுக் கடை திறக்கப் போறேன். ரயில்ல நாலு மணி நேரம். மேல ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கலாம். கடை முழுக்க உன் பொறுப்பு. வருவியா?"

"அண்ணன் இருக்காரேம்மா…"

"அண்ணன் இருக்கார்னு எனக்குத் தெரியும். நீ இருக்கியான்னுதான் கேக்கறேன். நாளைக்குக் காலையில ஒரு வார்த்தை சொல்லிடு."

பஸ்ஸில் அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். போகிறேன் என்று சொல்ல இப்படி எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். வார்த்தை வாய் வரைக்கும் வரும். "நீ இல்லன்னா நான் என்னாவேன் சின்னு" என்று அண்ணன் அதற்குள் முந்திக்கொள்வார். அதோடு அது தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும்.

வீட்டில் அண்ணன் வழக்கமான நாற்காலியில் இருந்தார். அங்கே உட்கார்ந்தால் வாசல் கதவும் தெரியும், அடுப்படியும் தெரியும்.

"இன்னைக்கு ரொம்ப அசதி. எழுந்திருக்கவே முடியல."

"படுத்துக்கோயேன்."

"படுத்தா மூச்சு முட்டுது."

தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். கோழி நெஞ்சுக்கறியை விரல் கனத்துக்கு நறுக்கி மிளகும் துளி உப்பும் பிசிறி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி எடுத்து வைத்தாள். அதே சட்டியில் பூண்டு, வெங்காயம், கேரட், பீன்ஸ், குடைமிளகாய். தக்காளியைக் கையாலேயே பிழிந்து விட்டாள். கை தானாக ஓடியது. அடுப்படி மிகச் சின்னது. திரும்பினால் ஃபிரிட்ஜ் இடிக்கும், குனிந்தால் சுவர் இடிக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள்தான் தெரியும். ஆவி போக வழியில்லாமல் அவள் முகத்திலேயே வந்து படிந்தது.

பாஸ்தாவைக் கொதிநீரில் போட்ட நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ஐந்தாவது மாடியில் இருக்கும் கணக்கு டீச்சர்.

"சார் இருக்காரா? நல்லபடியா ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதுக்கு டீச்சர்?"

"உங்களுக்குச் சொல்லலையா? காலையில லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள நான் ஒருத்தி. கரண்டும் இல்ல, காத்தும் இல்ல. கம்பெனிக்காரங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. எனக்கு உசுரே போச்சு. உங்க அண்ணன்தான் ஏழு மாடியும் படியில ஏறி, மோட்டார் ரூமைத் திறந்து, கையாலேயே சக்கரத்தைச் சுத்தி லிஃப்டை எங்க மாடிக்குக் கொண்டு வந்தார். கதவு திறந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? 'பயப்படாதீங்க டீச்சர், இதெல்லாம் எனக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பழக்கம்'னார். போன வாரம் கூட மாடித் தண்ணி மோட்டாரை அவர்தானே சரி பண்ணினார்!"

டீச்சர் அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சின்னு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"ஏழு மாடி ஏற முடியுறது எத்தனை நாளா?"

"டாக்டர் சொல்லிட்டார்…" குரல் தணிந்தது. "ஒரு வருஷம் ஆகுது. நடக்கலாம், ஏறலாம், வேலைக்கும் போகலாம்னுட்டார்."

"அன்னைக்கு டாக்டர் ரூமுக்கு வெளியிலயே நீ என்னை ஏன் உக்கார வெச்சேன்னு இப்பத்தான் புரியுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ பாஸ்தாவுலயே மறைச்சிருக்கியே அண்ணா!"

அவர் சிரிக்கவில்லை.

"சரியாயிட்டேன்னு சொன்னா நீ போயிடுவ. அந்த டீச்சர் ஒரு மணி நேரம்தான் உள்ள இருந்தாங்க. நான் இந்த வீட்டுல பத்து வருஷம் தனியா இருந்தவன். மறுபடியும் முடியாது சின்னு."

கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இந்த மனுஷனுக்காக விட்ட சிநேகிதிகள், போகாத கல்யாணங்கள், மழையில் பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. ஆனால் எதிரே இருந்தது ஐம்பத்திரண்டு வயதில் திருட்டு வெளிப்பட்ட பையனின் முகம். இரக்கமும் எரிச்சலும் ஒரே ஆள் மேல் வந்தால் யாரோடு சண்டை போடுவது? அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது.

"எழுந்திரு. வந்து பாத்திரத்தை இறக்கு."

அண்ணன் எழுந்து வந்தார். அவள் அடுப்படி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். அவர் பாஸ்தாவை வடித்தார், ஒரு கரண்டி வெந்த தண்ணீரோடு காயில் கொட்டினார், கறியைச் சேர்த்துக் கிளறினார். ஸ்பேனர் பிடிப்பது போலத்தான் கரண்டியையும் பிடித்தார். குழைந்துபோன பாஸ்தா பாதி சட்டியில் ஒட்டியது.

சாப்பிடும்போது அவள் புதுக் கடையைப் பற்றிச் சொன்னாள். வளைக்காமல், நெளிக்காமல் சொல்லி முடித்தாள்.

"போ," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவளுடைய நாற்காலி பின்னால் நகர்ந்திருந்தது, கை தண்ணீர்ச் செம்பை எடுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனே வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். அவள் செம்பைக் கீழே வைத்தாள். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டதை நினைக்கப் பயமாக இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவி, போனை எடுத்து முதலாளியம்மாவிடம் வருகிறேன் என்று சொன்னாள். விடியும்வரை தாமதித்தால் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது.

அடுத்த மாதம் போனாள். கடை நன்றாக நடக்கிறது. மேலே அறையில் ஜன்னலுக்கு எதிரே வெறும் வானம். அண்ணனும் அரை நாள் வேலைக்குப் போகிறார். ஆனால் தினமும் ஆறே முக்காலுக்குப் போன் வருகிறது. கேரட்டை முதலில் போடுவதா, பீன்ஸையா? பாஸ்தா வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எல்லாம் அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பதில் சொல்லுவாள்.

ஒரு நாள் மட்டும் எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத் தெருக்கோடி வரை நடந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பதினோரு அழைப்புகள். உடனே கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்," என்றார் அண்ணன். "சாப்பிட்டுட்டேன். கறி தீஞ்சிடுச்சு. காயை மட்டும் தின்னேன்."

"இன்னும் மெல்லிசா நறுக்கணும் அண்ணா," என்றாள் சின்னு. "அடுப்பையும் குறைச்சு வை."