சம்மந்தி கேட்ட ஆள்

ஒலி முகம்மதுவுக்கு வேலை போய்விட்டது. போனால் போகிறது, ஊரில் யாருக்குத்தான் போகவில்லை? சிங்கப்பூரில் ஆட்குறைப்பைப் பார்க்காத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் மனிதர் அதை வெளியே சொல்லவில்லை. எல்லா வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

கப்பல் சரக்கைக் கையாளும் கம்பெனி அது. அவர் அங்கே ஆப்பரேஷன்ஸ் மேனேஜர். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, அந்த வேலையையெல்லாம் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, அவர் பிரிவையே காலி செய்துவிட்டார்கள். அவரிடம் வேலை பழகிய ஜெய் உட்பட எல்லாருக்கும் ஒரே நாளில் கைகுலுக்கி வழியனுப்பல். ஜெய்க்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஒலி முகம்மதுவுக்கு ஐம்பத்து மூன்று.

ஈசூன் வீட்டுக்கு வந்து சொன்னபோது சம்சுன்னிசா கேட்ட முதல் கேள்வி, "பிடோக்ல யாருக்கும் தெரியாதுல்ல?" என்பதுதான். கணவர் சாப்பிட்டாரா, மனது எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பிடோக்கில்தான் மகள் சாதியாவுக்கு மாப்பிள்ளை வீடு. நிச்சயம் முடிந்து, வருடக் கடைசியில் நிக்காஹ் என்று மண்டபமும் பேசியாகிவிட்டது.

முன்பெல்லாம் பெண் கேட்டு வருகிறவர்கள் பள்ளிவாசலில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருவார்கள். இப்போது லிங்க்ட்இன்னில் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை ஃபாரூக்கின் அத்தா அப்துல் அஜீஸ் முதல்முறை வந்தபோது, சோபாவில் உட்கார்ந்ததும், "உங்க ப்ரொஃபைல் பார்த்தேன். மாஷா அல்லாஹ், பெரிய பொறுப்புல இருக்கீங்க" என்றார். அதைக் கேட்டு ஒலி முகம்மது ஓர் அங்குலம் வளர்ந்தே போனார். அன்று மாலையே இரண்டு பேரும் அந்தத் தளத்தில் தொடர்பாகிவிட்டார்கள். சம்பந்தம் அதற்கப்புறம்தான் உறுதியாயிற்று.

அந்தப் பக்கத்தில் ஒலி முகம்மது இன்னமும் வேலையில்தான் இருந்தார். கழுத்துப்பட்டை கட்டிய படம், கம்பெனிப் பெயர், 'இன்றுவரை' என்று ஒரு வார்த்தை.

சாதியா ஒரு வங்கியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். தினமும் இதே வேலை. அவள் அத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அத்தா, முதல்ல வேலை தேடறேன்னு போடுங்க. படத்தைச் சுத்தி அந்தப் பச்சை வளையத்தைப் போட்டா தலையா போயிடும்? அப்புறம், தெரிஞ்சவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா தனியா எழுதுங்க. என்ன வேலை தெரியும், என்ன வேலை வேணும்னு நேரா கேளுங்க. சும்மா அப்ளை பண்ணிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது லா. ஆளைத் தெரிஞ்சு வர்ற வேலைதான் நிறைய."

"பச்சை வளையத்தைப் போட்டா உன் மாமனார் கண்ணுல படாதா?"

"பட்டா என்ன? நீங்க திருடினீங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்த மனிதர் அழுவதற்கு ஆள் பார்த்தார். அந்தத் தளமே தெரிந்தவர்கள் மூலமாக வேலை தேடத்தான். இவரோ தெரிந்தவர்கள் பக்கமே தலைவைக்காமல், முன்பின் பார்த்திராத ஜூரோங் மேனேஜர்களுக்கும் துவாஸ் டைரக்டர்களுக்கும் பக்கம் பக்கமாக எழுதினார். அதுவும் எப்படி? 'தற்போதைய வேலையில் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன், ஆனாலும் நல்ல வாய்ப்பு வந்தால் யோசிப்பேன்' என்று. அடக் கடவுளே! வயிறு காயும்போது ஏப்பம் விட்டுக் காட்டினால் எவன் சோறு போடுவான்? பதில் ஒன்றும் வரவில்லை. கூட வேலை பார்த்த பழைய நண்பர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து பழகிய ஏஜெண்டுகள், இருபது வருடமாகப் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பும் வாடிக்கையாளர்கள் என்று நூற்றுக்கணக்கில் ஆள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களில் யார் எப்போது பிடோக்கில் யாரிடம் வாய்விடுவார்களோ என்ற பயம்.

ஆடி அசைந்து ஆகஸ்டு மாதமும் வந்தது. சேமிப்பில் கைவைத்தாகிவிட்டது. சம்சுன்னிசா மண்டபத்து பிரியாணியில் ஆட்டுக்கறியைக் கோழியாக்கலாமா என்று மெல்லக் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்று அதையும் அவர் மறுத்துவிட்டார். எப்படியாவது நிக்காஹ்வுக்கு முன்னால் ஒரு வேலை கிடைத்துவிட வேண்டும். நாலு பேர் முன்னால் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது தான் ஒரு வேலையில் இருக்கும் மனிதனாக நிற்க வேண்டும். தொழுகையில் அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் அப்துல் அஜீஸ் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு டன்லப் சாலைப் பள்ளிவாசலுக்கு வருவீர்களா, தொழுதுவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்றார்.

அப்துல் அஜீஸுக்கு உறைந்த மீனும் இறைச்சியும் இறக்குமதி செய்யும் தொழில். இன்னொருவரோடு கூட்டு. ஜாலான் புசாரில் ஓர் அலுவலகம், ஊருக்கு வடக்கே ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு. பணக்காரர் என்றாலும் அலட்டல் இல்லாத மனிதர். தொழுகை முடிந்து போன தேத்தண்ணிக் கடையில் கூட்டம் நெருக்கியடித்தது. தானே போய் இரண்டு கோப்பை தே தாரிக் வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

மண்டபம், அழைப்பிதழ், பெருநாள் என்று பேச்சு சுற்றியது. பிறகு அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சம்மந்தி, கிடங்குக்கு ஒரு ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் தேடறோம். சின்னப் பையன்கள் வந்தா ஆறு மாசத்துல ஓடிடறாங்க. கொஞ்சம் வயசான ஆளா, கப்பல் சரக்கு தெரிஞ்ச ஆளா இருந்தா தேவலை. நம்ம ஆளா இருந்தா இன்னும் நல்லது. உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?"

ஒலி முகம்மது ஒவ்வொன்றாக மனதில் எண்ணிப் பார்த்தார். வயசான ஆள், கப்பல் சரக்கு தெரிந்த ஆள், நம்ம ஆள். 'நான் இருக்கேன் சம்மந்தி.' நாலே நாலு வார்த்தைகூட இல்லை. நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் பெண்ணைக் கொடுக்கப்போகிறவன், கொடுப்பதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் அத்தாவிடம் வேலைக்குக் கைநீட்டுவதா? நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தால், 'உங்க அத்தாவுக்கே நாங்கதான் சோறு போட்டோம்' என்று சாதியாவின் முகத்துக்கு நேரே யாராவது சொல்லிவிட்டால்? வார்த்தையை விழுங்கினார்.

"பார்க்கறேன் சம்மந்தி. நாலு பேர் இருக்காங்க."

"நாலு பேர் வேணாம். நீங்க ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க, போதும்." அப்துல் அஜீஸ் சிரித்தார். "நீங்களே வந்துட்டா எனக்குப் பிரச்சினையே இல்ல. நீங்க எங்க வரப்போறீங்க, பெரிய கம்பெனி ஆளு!"

இதைவிட அகலமாக ஒரு கதவை எப்படித்தான் திறப்பது? நம் ஆளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "ஆமா சம்மந்தி, அங்க என்னை விடமாட்டாங்க" என்றார்.

அப்துல் அஜீஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "சரி, யோசிச்சு அனுப்புங்க. அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டில் சம்சுன்னிசா, "நல்லவேளை, வாயைவிடாம வந்தீங்க" என்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். சாதியாதான் குதித்தாள்.

"அத்தா, வேலை உங்க மடியில வந்து விழுந்திருக்கு! கேட்டா என்ன? நான் வேணும்னா ஃபாரூக்கிட்ட சொல்றேன்."

"சொன்னே, நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்று கத்தினார் ஒலி முகம்மது. அவர் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. அவள் அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள்.

பேர் ஒன்று அனுப்பத்தானே வேண்டும்? அனுப்பாவிட்டால் சம்மந்தி என்ன நினைப்பார்? நாலு பேரை வேலையில் வைத்துவிடக்கூடிய பெரிய மனிதர் என்ற எண்ணம் குறைந்துவிடாதா? ஜெய்யின் பேரை அனுப்பினார். வெறும் பேரையா அனுப்பினார்? அந்தத் தளத்தில் ஜெய்யின் பக்கத்தில் ஒரு பரிந்துரையும் எழுதினார். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதினார். கொள்கலன் கணக்கில் தவறு வராது, ஆட்களை அரவணைத்து வேலை வாங்குவான், புயலானாலும் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். அத்தனையும் ஒலி முகம்மதுவின் குணம். தனக்காக எழுதியிருக்க வேண்டியதை அடுத்தவன் பேரில் எழுதினார்.

ஜெய் போனில் தயங்கினான்.

"பாய், இது உங்க அனுபவத்துக்கு உள்ள வேலை லா. நீங்களே போகலாமே? நான் சொல்றதுக்கு என்ன இருக்கு, நீங்க போனா கண்ணை மூடிட்டு எடுப்பாங்க."

"எனக்கு வேற ஒண்ணு வருது தம்பி. நீ போ. என்னைப் பத்திக் கேட்டா மட்டும் ஒண்ணும் சொல்லிடாதே."

ஜெய்க்கு வேலை கிடைத்துவிட்டது. புது வேலையில் சேர்ந்ததாகத் தன் பக்கத்தில் படத்தோடு போட்டான். எனக்கு வழிகாட்டிய ஒலி முகம்மது அவர்களுக்கு நன்றி என்று அவர் பேரையும் கோத்திருந்தான். நல்ல பையன், மறக்கவில்லை. யார் யாரோ வந்து இருவரையும் வாழ்த்தினார்கள். ஒலி முகம்மது உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்துல் அஜீஸ் ஈசூனுக்கு வந்தார், தனியாக. அழைப்பிதழ் மாதிரியைக் காட்ட வந்தேன் என்றார். ஆனால் அதை உறையிலிருந்தே எடுக்கவில்லை. சம்சுன்னிசா வைத்த தேத்தண்ணியும் ஆறிக்கொண்டிருந்தது.

"சம்மந்தி, மனசுல வெச்சுக்கிட்டு இருக்க முடியல. கேட்டுடறேன். அந்தப் பையனை ஏன் அனுப்பினீங்க?"

"ஏன், சரியில்லையா?"

"நல்லாத்தான் வேலை பார்க்கறான். நான் கேட்டது அவனை இல்ல." அவர் குரல் கொஞ்சம் ஏறியது. "உங்களைத்தான் கேட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உங்க பிரிவை மூடினது அடுத்த வாரமே எனக்குத் தெரியும். இந்தத் தொழில்ல இருக்கற யாருக்குத்தான் தெரியாது? ஃபாரூக்குக்குத் தெரியும், வீட்ல எல்லாருக்கும் தெரியும். பெண் வீட்டுக்காரர் தானா சொல்றவரைக்கும் நாம கேக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லிவெச்சேன். வேலை தரேன்னு நேரா சொன்னா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாயிடுமேன்னு, யாராவது இருக்காங்களான்னு சுத்தி வளைச்சுக் கேட்டேன். என் சம்மந்தி எந்தப் பேரை அனுப்பினாலும் எடுத்துடணும்னு பார்ட்னர்கிட்ட சத்தியம் வாங்கிவெச்சிருந்தேன். உங்க பேரைத்தான் அனுப்புவீங்கன்னு நினைச்சேன் சம்மந்தி!"

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டா போகும்? இத்தனை மாதமாக யாரிடமிருந்து மறைத்தாரோ அவர்கள் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாததுபோல் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒலி முகம்மதுவுக்கு அவமானத்தில் காது சுட்டது. கூடவே கோபமும் வந்தது.

"நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 'நீங்களே வாங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே கூடச் சொன்னேன். அங்க விடமாட்டாங்கன்னு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

ஒலி முகம்மது ஆறிப்போன தேத்தண்ணியை ஒதுக்கிவைத்தார். பிறகு, ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறையாக, அடுத்த மனிதரிடம் நேராகவே கேட்டார். "எனக்கு வேலை வேணும் சம்மந்தி. வேற ஏதாவது இடம் இருக்கா?"

அப்துல் அஜீஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் பொய்யும் சொல்ல வரவில்லை.

"இப்போ என் கையில ஒண்ணும் இல்ல. பார்ட்னர்கிட்ட இன்னொரு தடவை போய் நிக்க முடியாது. கிடங்குல சூப்பர்வைசர் ஒருத்தர் வேணும்னு பேச்சு இருக்கு, ஷிஃப்ட் வேலை. ஆனா கிடங்குக்கு ஆள் எடுக்கறதெல்லாம் இனிமே ஜெய்தான். நான் அதுல தலையிடறதில்லைன்னு சொல்லித்தான் அவனைச் சேர்த்தோம். நீங்க... அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

அவர் போனபிறகு வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சம்சுன்னிசா சமையலறை வாசலில் நின்று, "எல்லாம் என்னாலதான்" என்றாள். இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சாதியா கணினியைக் கொண்டுவந்து அத்தாவின் முன்னால் வைத்துவிட்டு, அவர் அடிப்பதைப் பார்க்க விரும்பாமல் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஒலி முகம்மது ஜெய்யின் பக்கத்தைத் திறந்தார். 'தம்பி' என்று ஆரம்பித்தார். வேலை கேட்கிற கடிதத்தில் தம்பி என்ன தம்பி? அழித்துவிட்டு, 'டியர் ஜெய்' என்று போட்டார். அதுவும் அதிகப்படியான உரிமையாகத் தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதையும் அழித்துவிட்டு, 'டியர் மிஸ்டர் ஜெய்' என்று அடித்தார்.