அலிபை வால்ட்டரின் எஜெக்டர்

1

இந்தக் கதை நகத்துண்டு அளவு இரும்பு ஒன்றிலிருந்து கிளம்பியது. அது கௌரவமாகப் படாததால் வேறு மாதிரித் தொடங்கிப் பார்த்தேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் ஸ்டெல்லா

(அடித்துவிட்டேன். கனெக்டிகட்டில் ஜனவரியில் பனி கொட்டுவதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?)

சரி, இரும்பையே சொல்கிறேன். பெயர் எஜெக்டர். சுட்டதும் காலித் தோட்டாவைத் தட்டி வெளியே எறிவது அதன் வேலை. எங்கள் ஊர்த் தொழிற்சாலை, மூடும்வரை, குறிசுடும் போட்டிக்கான கைத்துப்பாக்கி ஒன்றை இரண்டு வகையாகச் செய்தது. பழைய வகையில் எஜெக்டரின் மூக்கு நேராக இருக்கும். புதியதில் கொஞ்சம் குட்டை, நுனியில் ஒரு வளைவு. புதியதைப் பழைய துப்பாக்கியில் வைத்தாலும் திருகு ஏறிவிடும், அதுதான் வினை. பெரும்பாலும் ஒழுங்காகச் சுடும். திடீரென்று ஒரு காலித் தோட்டா வெளியேறும் வாசலிலேயே நட்டுக்கொண்டு நிற்கும், துப்பாக்கி சிக்கிவிடும்.

2

ஸ்டெல்லாவின் கணவர் வால்ட்டரை முதல் வரைவில் தடுமாறுகிற கிழவராக எழுதியிருந்தேன். அநியாயம். எங்கள் குறிசுடும் கிளப்பில் அவரைப் போல நிதானமான கை கிடையாது, அந்தக் கடைசிக் குளிர்காலம்வரை.

(வேகச் சுற்றில் துப்பாக்கி மக்கர் செய்தால், சுடாத கையைத் தூக்க வேண்டும். நடுவர் வந்து பார்த்து "அலிபை" என்பார். அந்தச் சுற்றை மறுபடி சுடலாம். எங்கள் அகராதியில் அலிபை என்றால் இன்னொரு வாய்ப்பு.)

அந்தக் குளிர்காலத்தில் வால்ட்டர் வாராவாரம் கை தூக்கினார். பிடி தளர்ந்தாலும் துப்பாக்கி அப்படித்தான் சிக்கும். அதனால் எல்லோரும் அவர் கையைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"என்ன வால்ட்டர், ஒண்ணுக்குப் போகணுமா? டீச்சரக் கேளு!"

பெயரே அலிபை வால்ட்டர் ஆயிற்று. ஒரு நாள் அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அடுத்த வசந்தத்தில் இறந்துபோனார்.

3

ஸ்டெல்லா துப்பாக்கியைக் கிளப்புக்கே கொடுத்துவிட எடுத்து வந்தாள். எண்ணெய் போடலாம் என்று திறந்தேன். எதிரே கார்மைன், வால்ட்டரின் ஆப்த நண்பர், சாசேஜ் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"பழைய துப்பாக்கியில இது புது வகை எஜெக்டராச்சே!" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"அப்படின்னா?"

"கோளாறு துப்பாக்கியிலதான் ஸ்டெல்லா. அவர் கையில ஒண்ணுமில்ல."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். "அந்தக் கைய மடியில வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. 'போச்சுடி, கை போச்சு'ம்பாரு. நானும் ஆமான்னு தைலம் தேச்சு விட்டேன்."

கார்மைன் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"கார்மைன், அந்தக் குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி நீதான துடைச்சுத் தரேன்னு இத எடுத்துட்டுப் போன?"

"ஆமா. அப்புறம் அவனும் திறந்தான். உன் சமையலறை மேசையில."

"அப்ப இத யாரு போட்டது?"

4

கார்மைனின் தகர டப்பாவில் இரண்டு வகை எஜெக்டர்களும் கலந்து கிடக்கும். வால்ட்டரும் அதிலிருந்துதான் எடுப்பார். யார் போட்டது என்று கார்மைனுக்கு மட்டும் தெரியும்.

"நான்" என்று எழுதிப் பார்த்தேன். வால்ட்டர் கடைசிவரை முழு மனிதர். நண்பனின் கவனக்குறைவுக்காக வெட்கப்பட்டே செத்தார். ஸ்டெல்லாவோ, தன் வாசல் பனியை அள்ளிப் போட வருகிற ஒரே ஆளான கார்மைனை இழக்கிறாள்.

"அவன்" என்றும் எழுதிப் பார்த்தேன். அந்த இரண்டு மூக்கையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பிரித்துச் சொல்லிவிடுகிற வால்ட்டர் மாற்றிப் போட்டார் என்றால், நழுவத் தொடங்கியது கை இல்லை, புத்தி. கூடவே இருந்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை.

("தெரியல" என்றும் ஒரு முடிவு உண்டு. கார்மைனுக்குப் பொய் வராது. கிழித்துப் போட்டேன்.)

எனக்குத் துக்கமாக இருக்கிறது. எந்தப் பெயரை எழுதினாலும் அவள் அழுகிறாள். நல்லவேளை, தமிழில் பெயரைக் கடைசிவரை தள்ளிப்போடலாம்.

கார்மைன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "ஸ்டெல்லா, அதப் போட்டது

நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதுகிற பெயரோடுதான் அவள் தனியாக வீட்டுக்குப் போக வேண்டும்.