ஜலதோஷம்தான் என்றார்கள்

இப்போது அவனை யாரும் துரை என்று கூப்பிடுவதில்லை. மீசை வைத்த ஆளை எப்படிக் கூப்பிடுவது? மூன்று மாடி ஏறி வந்தால் மட்டும் வாசலில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவான். அப்போதெல்லாம் அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரி அறை ஞாபகம் வந்துவிடும். அங்கே பட்ட பாட்டுக்குப் பிறகும், அந்த அறையை நினைத்து ஏங்குகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது அவனுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்தில். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். கட்டிலில் இருந்தபடியே வெள்ளைக்காரத் துரை மாதிரி எல்லோரையும் அதிகாரம் செய்வான்.

"சிஸ்டர், கை கழுவினீங்களா? காட்டுங்க பாப்போம்!"

"இதோ, துரை!" என்று கையை நீட்டுவாள் நர்ஸ்.

காய்ச்சலும் இருமலும் வந்தபோது, மூக்கில் எடுத்த சளியில் சாதாரண ஜலதோஷ வைரஸ்தான் இருந்தது. அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். பிள்ளைக்கு ஜலதோஷம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. டாக்டரம்மா மார்புப் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கோன்னு சந்தேகமா இருக்கும்மா. மயக்கம் குடுத்து, மூச்சுக்குழாய்ல டியூப் விட்டு, நுரையீரலைக் கழுவி, அந்தத் தண்ணியை எடுத்துப் பாக்கணும். அப்புறம் மூச்சு மெஷின்ல வைக்கிற மாதிரியும் ஆகலாம். மறைக்காம சொல்லிடறேன்."

தும்மல் பிடித்திருந்ததால் அப்பாவுக்கு உள்ளே அனுமதியில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் கத்தினார். "அதான் ஒண்ணைக் கண்டுபிடிச்சாச்சே! இன்னும் எதுக்குடி குடையணும்?"

"ஒரு திருடன் மாட்டினா வீட்டுல வேற எவனும் இல்லைன்னு ஆயிடுமா?"

"மெஷின்ல வெச்சுட்டா?"

"இப்படியே விட்டாலும் அங்கதாங்க போய் நிக்கும்."

அவர் கண்ணாடி வழியே பையனைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.

கழுவி எடுத்ததில் இரண்டாவது வைரஸ் இருந்தது. எப்போதோ உடம்புக்குள் வந்து தூங்கிக் கிடந்தது. காவல் இல்லையென்று தெரிந்ததும் எழுந்துகொண்டது. ஜலதோஷத்துக்கு மருந்தில்லை, இதற்கு இருந்தது. மெஷினில் வைக்கத்தான் வேண்டியிருந்தது. மருந்து ஏற ஏற, நுரையீரல் மெல்ல வழிக்கு வந்தது.

டியூபை எடுத்த அன்று மத்தியானம், சளி விட்டுப்போன அப்பா உள்ளே வந்தார். பையன் தானாக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடி சத்தம் இது?" என்றார் பதறிப்போய்.

"குறட்டைங்க. உங்க வம்சத்துச் சொத்து."

எழுப்பிவிடுவோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும், நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அந்தக் குறட்டையைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தார்கள்.