தேய்த்தாலும் போகாத பொட்டு

“பொட்டு வெச்சா உங்க சாமி காப்பாத்தும். சேஃப்டி போட்டா கம்பெனிக்காரன் காப்பாத்துவான். ரெண்டும் ஆச்சு. இன்னும் என்ன பயம் சசிகலாம்மா?”

ஆயுத பூஜை அன்றைக்கு இப்படிக் கேட்டுவிட்டு ஜோஸ்வா கடகடவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்காது என்று சசிகலாவுக்கு அப்போது தெரியாது.

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் ஜோஸ்வாவின் காப்பி எஸ்டேட். அதன் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவள் சசிகலா. முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும் ஆட்களோடு நின்று ஆயுத பூஜை கும்பிடாத வருஷம் கிடையாது. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மிஷின், கவாத்துக் கத்திகள், தராசு, ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. இந்த வருஷம் அவருடைய லைசென்ஸ் கைத்துப்பாக்கியும் வரிசையில் சேர்ந்துகொண்டது. “அதுவும் ஆயுதந்தானே?” என்று அவரே கொண்டுவந்து வாழையிலையில் வைத்தார்.

குண்டு நிரப்பிய துப்பாக்கி. அதிலும் ஒரு குண்டு எப்போதும் குழாய்க்குள் தயாராக உட்கார்ந்திருக்கும். காட்டெருமை திரிகிற இடத்தில், அவசரத்துக்கு உதவாத துப்பாக்கி எதற்கு என்பது அவர் கட்சி. பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு நெம்பு உண்டு. மேலே தள்ளினால் சேஃப்டி. கீழே இறக்கினால் அது மறைத்திருந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். சுடத் தயார் என்று அர்த்தம்.

“புள்ளி மறைஞ்சிருந்தா இது வெறும் இரும்பு” என்றார்.

“அந்தத் துளியூண்டு நெம்பை எப்படிங்க சார் நம்பறது? குண்டை எடுத்துட்டு வெச்சா ஆகாதுங்களா?”

“ஸ்கூட்டர் பிரேக்கை நம்பி கொட்டச்சேடு இறக்கத்துல நீங்க போறதில்லையா? அது மாதிரிதான்.”

மேஸ்திரி மாரியம்மாள் சந்தனத்தைக் குழைத்து, தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோலத் துப்பாக்கி முழுக்க இழுத்துவிட்டாள். அதன்மேல் கைக்கு வந்த இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள்.

விஜயதசமியும் முடிந்தது. மறுநாள் காலை ஜோஸ்வா சேலத்துக்குக் கிளம்பினார். லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியை நேரில் காட்டவேண்டும். காய்ந்து ஓடாகிப்போன சந்தனத்தோடு அதைக் கொண்டுபோக முடியுமா? ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தது சசிகலாதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, செத்த பாம்பைத் தொடுவதுபோலத் துடைத்தாள். ஓரிடத்தில் சந்தனம் விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. அழுத்தித் தேய்த்தாள். ‘டிக்’ என்று ஏதோ பெயர்ந்தது. சந்தனக் கட்டி உதிர்ந்ததாக்கும் என்று நினைத்துத் துணியை உதறினாள்.

ஜோஸ்வா அதை வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டார். லைசென்ஸ் காகிதம், குடோன் சாவிக்கொத்து, துப்பாக்கி, எல்லாமே அந்த ஒரே பைக்குள்.

சேலத்தில் காலேஜ் படிக்கும் சசிகலாவின் மகள் கீர்த்திகாவும் விடுமுறை முடிந்து அதே ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஜீப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சசிகலாவின் போன் அடித்தது.

“அம்மா, சார்ஜரை ஊட்லயே மறந்துட்டேன்!”

“தலையை மறக்காம எடுத்துட்டுப் போனியே, அதுவே பெருசு. எங்க இருக்கறீங்க?”

“ஏரி தாண்டி மலை இறங்க ஆரம்பிச்சாச்சு. இரு, அங்கிள் பேசணுமாம். ஸ்பீக்கர்ல போடறேன்.”

“சசிகலாம்மா!” ஜோஸ்வாவின் குரல் குஷியாக வந்தது. “உங்க மாரியம்மா என்ன குங்குமம் வாங்கினா? எல்லாப் பொட்டும் போயிருச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் கிளம்பறப்ப எத்தனை தேய்ச்சும் போகல. அதிகாரி பார்த்தா சிரிக்கப் போறார்.”

“எந்த இடத்துலங்க சார்?”

“அதான், அந்த நெம்புக்கு மேல…”

சசிகலாவின் கையிலிருந்த டீ கிளாஸ் மேஜைமேல் சரிந்தது.

குங்குமம் தேய்த்தால் போகும். தேய்த்தாலும் போகாதது பெயின்ட்!

‘டிக்’. உதிர்ந்தது சந்தனம் அல்ல. நெம்பு இறங்கியிருக்கிறது. இறக்கியவள் அவள்தான். பூஜை அன்றைக்குத் தன் கையால் சேஃப்டி போட்டவர் ஜோஸ்வா. அதனால் சிவப்பைப் பார்த்தும் அவருக்குக் குங்குமம்தான் தெரிந்திருக்கிறது.

“கண்ணு! அந்தப் பை எங்க இருக்குது?”

“மஞ்சப்பையா? என் மடியிலதாம்மா. ஏ…”

பேச்சு அறுந்தது.

திரும்ப அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். ஜோஸ்வாவின் எண்ணுக்கு அடித்தாள். அதே பெண், அதே நிதானம். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப் குலுங்கும். பைக்குள் சாவிகள் உருளும். ஒரு சாவி போதும், துப்பாக்கி விசையில் மாட்ட.

“என்னாச்சுங்கம்மா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?” என்று மாரியம்மாள் ஓடிவந்தாள். சசிகலா மூச்சுவிடாமல் சொன்னாள்.

மாரியம்மாள் ஒரு நொடி தலையில் கை வைத்தாள். அடுத்த நொடியே இடுப்பிலிருந்து போனை உருவினாள். “எந்தம்பி தனபாலு வளைவுல கடலைக்கடை போட்டிருக்கறான் பாருங்க, அங்க டவர் கிடைக்கும். சார் அவங்கிட்ட நிக்காம எறங்கினதே கிடையாதுங்க!”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிறானா? எடுக்கவில்லை. கடைசியில்…

“ஏனக்கா, யாவார நேரத்துல…”

“வாயை மூடிட்டுக் கேளுடா! எஸ்டேட் ஜீப்பு வந்துச்சா?”

“இப்பத்தான் மேல் வளைவுல திரும்புது.”

சசிகலா போனைப் பிடுங்கினாள். “தனபாலு, நான் சசிகலா. குறுக்க பாயாதீங்க. சடன் பிரேக் போட்டுறக் கூடாது. எப்பவும் போல கடலைப் பொட்டலத்தைக் காட்டுங்க. மெதுவா நிக்கட்டும். நின்னதும் போனை சார் கையில குடுங்க.”

“என்னங்க விசயம்?”

“நிறுத்துங்க, சொல்றேன்!”

போனில் காற்று இரைந்தது. தனபாலின் குரல் தூரமாகக் கேட்டது: “சார்! சூடா இருக்குதுங்க சார்! வாங்க சார்!” தினமும் கூவுகிற அதே குரல். இந்தப் பயலுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது சசிகலாவுக்கு. இன்ஜின் சத்தம் நெருங்கியது, தணிந்தது, நின்றது.

“சசிகலாம்மா? என்ன, கடலைக்காரன் போன்ல நீங்க?”

“சார், கீர்த்திகா அசையக் கூடாது. போகாத அந்தப் பொட்டு குங்குமம் இல்லீங்க. அதுதான் உங்க சிவப்புப் புள்ளி. துடைக்கறப்ப நெம்பைத் தட்டி இறக்கிட்டேன்.”

“சேச்சே, நானே போட்ட சேஃப்டி…” என்று ஆரம்பித்த ஜோஸ்வா பாதியில் நின்றார். அதற்கப்புறம் அவர் குரலில் குஷி இல்லை. “என்ன செய்யட்டும்?”

“போனை ஸ்பீக்கர்ல போட்டு சீட்ல வெச்சுட்டு, அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறங்க. பையைத் தூக்காதீங்க, அமுக்காதீங்க. வாயை மட்டும் விரிச்சுப் பாருங்க. குழாய் எந்தப் பக்கம் பாக்குது?”

கதவு திறந்த சத்தம். காகிதம் சரசரத்தது.

“கீர்த்திகா முழங்காலைப் பார்த்து இருக்கு.” காகிதம் மறுபடி சரசரத்தது. “சாவி ஒண்ணு… விசை வளையத்துக்குள்ள நுழைஞ்சிருக்கு.”

சசிகலா மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். மாரியம்மாள் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, காதுல விழுகுதா? மடி அசையாம முழங்காலை மட்டும் மெல்ல ஒதுக்கு. மெல்ல, சாமி.”

“ம்” என்றது கீர்த்திகாவின் குரல். அது ஆறு வயசுக் குழந்தையின் குரல்போல இருந்தது.

“ஒதுக்கிட்டா” என்றார் ஜோஸ்வா. “சாவியை எடுக்கறேன். எடுத்துட்டேன். துப்பாக்கி என் கையில. கட்டைச்சுவர் மேல வெச்சுட்டு…”

“வேண்டாஞ்சார்!” என்று தனபால் அலறியது இங்கே கேட்டது. “சுவரெல்லாம் குரங்குங்க! தூக்கிட்டு மரத்துல ஏறிடும்! இப்படி மண்மேட்டுப் பக்கம் வாங்க!”

காலடிகள் விலகின. பிறகு ஒன்றுமில்லை. வெறும் காற்று.

‘டமார்!’

“கீர்த்தி!” சசிகலா போட்ட கூச்சலில் காப்பிக் களத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அம்மா, அம்மா! ஒண்ணுமில்ல! குரங்கும்மா! ஜீப் மேல குதிச்சிருச்சு! நான் இறங்கிட்டேன். நல்லாத்தான் இருக்கறேன்!”

சசிகலா நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. மாரியம்மாள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் இவள் கண்ணையும் துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜோஸ்வா பேசினார். “எல்லாக் குண்டையும் எடுத்தாச்சு. குழாய்க்குள்ள இருந்ததையும். தனபாலு ஒரு பொட்டலக் காகிதத்துல மடிச்சுக் குடுத்திருக்கான். துப்பாக்கி பின்னாடி பெட்டியில, பூட்டின பெட்டியில.”

“சார், நான் பாத்துத் துடைச்சிருக்கோணும்…”

“ஈரத்துணி பட்டா நகர்ற நெம்பு அது. அதை நம்பிக் குண்டோட குடுத்தது நான். உங்க பொண்ணு மடியில வெச்சதும் நான்.” அவர் மூச்சை இழுத்துவிட்டார். “வண்டியை இப்ப எடுக்கல. டீ குடிச்சுட்டுப் போறோம்.”

“குடிங்க சார். அவசரமே இல்லீங்க.”

கீர்த்திகா போனை வாங்கினாள். வாயில் கடலை நிறைந்திருந்தது. “அம்மா, அந்தச் சார்ஜர்…”

“பஸ்ல குடுத்து வுடறேன் கண்ணு. பத்து சார்ஜர் வேணும்னாலும் குடுத்து வுடறேன்!”

போனை வைத்தபின் மாரியம்மாள் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அம்மிணி, அடுத்த வருசம் அந்தச் சனியனுக்குப் பொட்டு வெக்கறதுங்களா, வேண்டாமுங்களா?”

“வெக்கலாம். குண்டையெல்லாம் எடுத்துத் தனித் தட்டுல வெக்கச் சொல்லு” என்றாள் சசிகலா. “அதுக்கு ஒரு பொட்டு. துப்பாக்கிக்கு ஒரு பொட்டு. நெம்புப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோயிராதே, தாயே!”