அடிநீர் தட்டியது

ஹல்வார் எங்கே இருக்கிறார் என்பது அவர் மனைவி குட்னிக்குத் தெரியும். நார்வேயின் பெர்கன் நகருக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவே நீளும் கடல்கழியான ஃபியோர்டின் அடியில். இரண்டு வருடத்துக்கு முன் கடல்நீரை அளக்கப் போன இடத்தில் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. ஃபியோர்டின் வாயில் நீருக்கடியில் ஒரு பாறைமேடு குறுக்கே கிடப்பதால் உள்ளே தேங்கிய அடிநீருக்கு வெளியேற வழியில்லை. அழுகிய முட்டை நாற்றத்தோடு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மற்றவர்கள் கல்லறைக்குப் பூ கொண்டுபோவார்கள். குட்னிக்கு அந்த நாற்றம் போதும்.

அந்த அடிநீர் எத்தனை காலம் கிடக்கும் என்று கணக்குப் போடுவதே அவள் வேலையாகவும் வாய்த்தது, பாவம். மேல்நீரின் சூடு மெல்ல மெல்லக் கீழே கசியும். அடிநீர் லேசாகிக்கொண்டே வரும். போதிய அளவு லேசானதும், வெளிக்கடலின் கனத்த நீர் மேட்டைத் தாண்டிச் சரிந்து அதன் அடியில் புகுந்துவிடும். கசிவின் வேகம் எவ்வளவு என்பது ஒரே ஓர் எண். பெருங்கடலில் சூடான மேலடுக்கும் குளிர்ந்த கீழடுக்கும் ஏன் கலந்து ஒன்றாகிவிடவில்லை என்று கேட்டாலும் அந்த எண்ணிடம்தான் போய் நிற்க வேண்டும். குட்னி அதைச் சின்னதாக வைத்தாள். அப்போதுதான் கணக்குப்படி ஹல்வார் இன்னும் பல வருடம் அங்கேயே இருப்பார். ஒத்துவராத அளவுகளைத் ‘தெர்மாமீட்டர் கோளாறு’ என்று ஒதுக்கினாள். அவர்கள் துறையில் வேண்டாத அளவுக்கெல்லாம் அதுதான் பெயர். யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

மார்ச் மாதக் காலை. படகோட்டி யூஸ்தைன் எஞ்சினை நிறுத்திவிட்டு வின்ச் உருளையைச் சுற்றி, வெவ்வேறு ஆழத்தில் நீரெடுக்கும், தெர்மாமீட்டர் பொருத்திய ஆறு குப்பிகளைக் கம்பியோடு இறக்கினார். குட்னி கம்பியில் எடைக்கட்டியை மாட்டி விட்டாள். அது வழுக்கிப்போய் முதல் குப்பியைத் தட்டும். குப்பி கவிழ்ந்து மூடிக்கொண்டு அடுத்ததற்கு ஒரு கட்டியை அனுப்பும். ஒவ்வொரு தட்டும் கம்பியைப் பிடித்த கைக்குத் தெரியும்.

ஆறு தட்டு முடிந்தது. குட்னி கையை எடுக்கவில்லை. ஹல்வார் போனதிலிருந்து ஏழாவதாக ஒன்று வரும்.

“இன்னும் என்னத்தப் புடிச்சிட்டு நிக்கற? கம்பி என்ன உன்கிட்ட ரகசியம் சொல்லுதா?” என்றார் யூஸ்தைன்.

“இருங்க. இன்னொண்ணு வரும்.”

“ஆறு குப்பிக்கு ஏழு தட்டா? இதுதான் நீங்க படிச்ச கணக்கா, டாக்டரம்மா?”

“வாய மூடிட்டு இருங்களேன், யூஸ்தைன்.”

வரவில்லை. விரல்கள் விறைத்துப்போகும்வரை நின்றாள். வரவேயில்லை.

குப்பிகளை மேலே ஏற்றியதும் அடியாழத்தில் தொங்கிய கடைசிக் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். நாற்றமே இல்லை. சுத்தமான, குளிர்ந்த, புதுக் கடல்நீர். அவள் கணக்கில் இது நடக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது.

“போயிட்டார்,” என்று படகின் தளத்தில் உட்கார்ந்து அழுதாள். “என்னைக் கேக்காமலே போயிட்டார்.”

யூஸ்தைன் என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் குப்பியில் மூக்கைச் சுளித்தார்.

“அடச்சீ! இது ரொம்ப மேல தொங்கினதாச்சே. இதுல எப்படி இந்த நாத்தம்?”

குட்னியின் அழுகை நின்றது. கனத்த நீர் அடியில் புகுந்தால் பழைய நீர் எங்கே போகும்? மேலேதான். தானே பாடம் நடத்தியதுதான். ஹல்வார் விஷயத்தில் மட்டும் அதை நினைத்துப்பார்க்கவில்லை.

“மேல வந்திட்டிருக்கார்,” என்றாள்.

கம்பி முழுதும் சுருட்டியாகிவிட்டது. தண்ணீருக்குள் அவர்களுடையது எதுவும் இல்லை. அப்போது படகின் அடிப்பலகையில், அவள் ஊன்றியிருந்த உள்ளங்கைக்கு நேர் கீழே, ஒரு தட்டு.

இந்த முறை யூஸ்தைனுக்கும் கேட்டது.

“குட்னி… இதுவும் தெர்மாமீட்டர் கோளாறா?”

“இல்ல. தெர்மாமீட்டர் எப்பவுமே சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் அவரைப் புடிச்சு வெச்சிருந்தேன்.”

யூஸ்தைன் எஞ்சின் சாவியைத் தொட்டார். குட்னி அந்தக் கையைப் பிடித்தாள்.

“இப்ப போடாதீங்க. அடியில விசிறி சுத்தும், அவர் மேல படும். அவர் நம்மளத் தாண்டிக் கடலுக்குப் போகட்டும்.”

யூஸ்தைன் தொப்பியைக் கழற்றினார். இருவரும் அசையாமல் காத்திருந்தார்கள்.